பெரும் மின்தடைக்குப் பிறகு, பரவிக் கிடக்கும் சிறு மின்மூலங்களைக் கொண்டு மின்சாரத்தை மீட்க முடியுமா?

இலங்கையில் 2025 பிப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் மின்சாரம் போனதைச் சுட்டிக்காட்டி இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். நல்ல வெயில் அடித்த நேரத்தில், கூரையில் சோலார் பேனல்கள் இருந்தும் வீட்டில் மின்விசிறி ஏன் சுழலவில்லை என்பது முதலாவது. ஆயிரக்கணக்கான கூரைகளிலும் காற்றாலைகளிலும் பேட்டரிகளிலும் பரவிக் கிடக்கும் இந்தச் சிறு மின்மூலங்களைக் கொண்டே கிரிட்டை, அதாவது நாட்டின் மின் கட்டமைப்பை, மீண்டும் எழுப்பிவிட முடியாதா என்பது இரண்டாவது. முடியும் என்பதே என் பதில். ஆனால் இன்று நம் கூரைகளில் இருக்கும் கருவிகளை இருக்கிறபடியே வைத்துக்கொண்டு முடியாது. அதற்கு என்னென்ன வேண்டும் என்பதை விரிவாகச் சொல்கிறேன்.

அன்று காலை 11 மணியைக் கடந்த சிறிது நேரத்தில் பாணந்துறை துணை மின் நிலையத்தில் ஒரு பழுது ஏற்பட்டது. குரங்கு ஒன்று மின்மாற்றியில் பட்டதே காரணம் என்று எரிசக்தி அமைச்சர் அறிவித்தார். உலகமெங்கும் செய்தியானது அந்தக் குரங்குதான். ஒரு துணை மின் நிலையத்தில் நேர்ந்த பழுது ஏன் நாட்டையே வீழ்த்தியது என்பதோ அதைவிட முக்கியமான கேள்வி. ஞாயிற்றுக்கிழமை என்பதால் மின்தேவை குறைவாகவும், சூரிய மின்சாரத்தின் பங்கு மிக அதிகமாகவும் இருந்தன. அதனால் சுழன்றுகொண்டிருந்த பெரிய மின்னாக்கிகள் சிலவே. கனமான சுழலிகள் சுற்றிக்கொண்டிருந்தால், திடீர் அதிர்ச்சி வரும்போது அவற்றின் நிலைமம் மின்சாரத்தின் அதிர்வெண்ணை (நொடிக்கு எத்தனை அலை என்பதை) சில நொடிகளாவது தாங்கிப் பிடிக்கும். அந்தத் தாங்கல் அன்று போதவில்லை. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் மூன்று அலகுகளும் நின்றன. பல மணி நேரத்தில் மின்சாரம் திரும்பினாலும், 900 மெகாவாட் திறன் கொண்ட அந்த நிலையம் உடனே திரும்பவில்லை. ஆகவே அடுத்த சில நாட்கள் சுழற்சி முறையில் மின்வெட்டு அமலானது. இரண்டே மாதத்தில், ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் தேவை மீண்டும் குறையும் என்பதை உணர்ந்து, பகல் வேளையில் கூரைச் சூரிய மின் இணைப்புகளை நிறுத்திவைக்கும்படி இலங்கை மின்சார சபையே மக்களைக் கேட்டுக்கொண்டது.

இனி முதல் கேள்விக்கு வருகிறேன். பேனலின் நேர்மின்னோட்டத்தை வீட்டுக்கேற்ற மாறுமின்னோட்டமாக மாற்றும் கருவிதான் இன்வெர்ட்டர். பெரும்பாலான வீடுகளில் உள்ள இன்வெர்ட்டர் தானாக மின்னழுத்தத்தை உருவாக்குவதில்லை. கிரிட்டில் ஏற்கெனவே ஓடும் 50 ஹெர்ட்ஸ் அலையைப் பார்த்து, அதற்கு இசைவாகத் தன் மின்னோட்டத்தைச் செலுத்துகிறது. சுருதிப் பெட்டி ஒலித்தால்தான் பாடத் தெரியும் பாடகரைப் போன்றது அது. பொறியாளர்கள் இதைக் கிரிட்-ஃபாலோயிங் இன்வெர்ட்டர் என்பார்கள். சுருதி நின்றால் அதுவும் நிற்கும். அத்துடன், நிற்கவேண்டும் என்று விதியும் உண்டு. தெருவில் கம்பியறுந்து, மின்சாரம் இல்லை என்று நம்பி லைன்மேன் கம்பத்தில் ஏறும்போது, யாரோ ஒருவர் வீட்டுக் கூரையிலிருந்து மின்சாரம் வந்தால் அவர் உயிர் போய்விடும். அதனால் கிரிட்டிலிருந்து துண்டிக்கப்பட்ட 2 நொடிக்குள் அதை உணர்ந்து இன்வெர்ட்டர் நின்றுவிட வேண்டும் என்று, ஐஇஇஇ என்ற பன்னாட்டுப் பொறியாளர் அமைப்பின் 1547 தரவிதி கூறுகிறது. கிரிட் திரும்பி வந்தாலும் உடனே இணைந்துவிடக் கூடாது. மின்னழுத்தமும் அதிர்வெண்ணும் நிலையாக இருக்கின்றனவா என்று பார்த்துக் காத்திருக்க வேண்டும். அந்தத் தரவிதியில் இயல்பான காத்திருப்பு நேரம் 300 நொடி. இந்த ஐந்து நிமிடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முற்றிலும் இருண்ட கிரிட்டை எழுப்புவதற்கு பிளாக் ஸ்டார்ட் என்று பெயர். அனல்மின் நிலையம் ஒன்று மின்சாரம் தருவதற்கு முன், நீர் ஏற்றும் பம்புகள், காற்றூதும் விசிறிகள், நிலக்கரி அரைக்கும் ஆலைகள் ஆகியவற்றை ஓட்ட அதற்கே மின்சாரம் வேண்டும். நிலக்கரி அலகு ஒன்று தன் உற்பத்தியில் ஏறத்தாழ 6 முதல் 9 விழுக்காட்டைத் தன் சொந்தத் தேவைக்கே செலவிடும். ஆகவே வெளியிலிருந்து உதவி இல்லாமல் தானே எழக்கூடிய ஒரு நிலையம் முதலில் வேண்டும். உலகின் பல நாடுகளில் நீர்மின் நிலையங்களே இந்த வேலையைச் செய்கின்றன. அணையின் கதவைத் திறக்கவும் மின்னாக்கியின் காந்தப் புலத்தை ஊட்டவும் ஒரு சிறிய டீசல் மின்னாக்கியோ பேட்டரியோ போதும். இலங்கையிலும் மகாவலி, லக்சபான நீர்மின் தொகுதிகளை நம்பியே மீட்பு தொடங்குகிறது. அங்கிருந்து நீண்ட கம்பித்தொடர் வழியாக அனல்மின் நிலையங்களுக்கு மின்சாரம் அனுப்பி, அவற்றை எழுப்பி, வழியில் சிறிது சிறிதாக நுகர்வோரைச் சேர்த்து, கடைசியில் எல்லாத் துண்டுகளையும் ஒன்றாக இணைக்கிறார்கள். மேலிருந்து கீழ்நோக்கி இறங்கும் முறை இது.

இந்த முறையின் பலவீனத்தை உலகத்துக்குத் தெளிவாகக் காட்டியது தெற்கு ஆஸ்திரேலியா. 2016 செப்டம்பர் 28 அன்று சூறாவளிக் காற்று 275 கிலோவோல்ட் கோபுரங்களைச் சாய்த்தது. அடுத்தடுத்த மின்னழுத்தச் சரிவுகளால் காற்றாலைகள் 456 மெகாவாட் உற்பத்தியைக் குறைத்தன. அந்தப் பளு முழுவதும் அண்டை மாநிலமான விக்டோரியாவிலிருந்து வரும் ஹேவுட் இணைப்பின் மீது விழ, அதுவும் துண்டித்துக்கொண்டது. ஏறத்தாழ 8,50,000 மின் இணைப்புகள் இருண்டன. இத்தகைய நாளுக்கென்றே ஒப்பந்தம் போட்டு, பணம் கொடுத்து வைத்திருந்த பிளாக் ஸ்டார்ட் மூலங்கள் இரண்டு. ஒன்றில் தொடக்க வரிசை சிக்கிக்கொண்டது, மற்றொன்றில் மின்னாக்கிக்குள்ளேயே பழுது ஏற்பட்டது. தேவைப்பட்ட அந்த ஒரே நாளில் இரண்டும் கைகொடுக்கவில்லை. விக்டோரியா இருந்ததால் அங்கிருந்து மின்சாரம் பெற்று அன்றிரவே பெரும்பகுதியை மீட்டார்கள். 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்டபோதும் நீர்மின் நிலையங்களோடு பிரான்சும் மொராக்கோவும் ஸ்பெயினுக்குத் துணை நின்றன. இந்தியாவில் 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வடக்கும் கிழக்கும் வீழ்ந்தபோது, நேர்மின்னோட்ட இணைப்பால் மட்டும் தொடுக்கப்பட்டிருந்த தென்மண்டலக் கிரிட் எழுந்து நின்றது. அதனால் தமிழ்நாடு அன்று இருளவில்லை. இலங்கைக்கு அப்படிப்பட்ட அண்டை கிரிட் ஏதும் இணைப்பில் இல்லை. விழுந்தால் தன் கையாலேயே எழ வேண்டும். ஆகவே பரவிக் கிடக்கும் சிறு மூலங்கள் பற்றிய இந்தக் கேள்வி, மற்ற நாடுகளைவிடத் தீவு நாடுகளுக்கே கூடுதலாகப் பொருந்துகிறது.

சிறு மூலங்கள் தலைகீழான வழியைத் திறக்கின்றன. ஊருக்கு ஊர் சிறு மின்தீவுகளை எழுப்பி, அவற்றை வளர்த்து, ஒன்றோடொன்று இணைத்து, மேலே உள்ள உயரழுத்தக் கம்பிகளுக்கும் உயிர் கொடுப்பது அந்த வழி. இதற்கு ஒவ்வொரு தீவிலும் சுருதி பிடிக்கும் மூலம் ஒன்றாவது வேண்டும். சிறு நீர்மின் நிலையமோ, உயிர்க்கழிவு எரித்து ஓடும் நிலையமோ, டீசல் மின்னாக்கியோ அதைச் செய்யும், ஏனென்றால் அவற்றில் சுழலும் மின்னாக்கி இருக்கிறது. கடந்த சில ஆண்டுகளாக இன்னொரு வழியும் கூடியிருக்கிறது. கிரிட்-ஃபார்மிங் இன்வெர்ட்டர் எனப்படும் வகை, வெளியலைக்குக் காத்திராமல் தானே மின்னழுத்தத்தையும் அதிர்வெண்ணையும் நிறுவுகிறது. கலிஃபோர்னியாவின் இம்பீரியல் பாசன மாவட்டம் 2017-இல் தன் 33 மெகாவாட் பேட்டரியைக் கொண்டு எல் சென்ட்ரோ நிலையத்தின் 44 மெகாவாட் எரிவாயுச் சுழலியை எழுப்பிக் காட்டியது. ஸ்காட்லாந்தின் டெர்சலோக் காற்றாலைப் பண்ணை 2020-இல் இதே உத்தியால், அணைந்திருந்த கிரிட் பகுதி ஒன்றுக்குக் காற்றைக் கொண்டே உயிரூட்டியது. பேட்டரியை வெறும் சேமிப்புக் கிடங்காக மட்டும் எண்ணுவோர் எல் சென்ட்ரோ நிகழ்வைக் கவனித்துப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். 20 மெகாவாட்-மணி அளவே உள்ள ஒரு பேட்டரி ஊரை வெகுநேரம் ஓட்டாது. அதைவிடப் பெரிய ஒன்றை எழுப்பும் அளவுக்கு ஓடினால் அதன் வேலை முடிந்தது.

இந்த எண்ணத்தை முழுமையாகச் சோதித்தது பிரிட்டனின் டிஸ்ட்ரிபியூட்டட் ரீஸ்டார்ட் திட்டம். தேசியக் கிரிட்டை இயக்கும் அமைப்பும் ஸ்காட்டிஷ் பவர் குழுமத்தின் மின்விநியோக நிறுவனமும் டிஎன்இஐ என்ற ஆலோசனை நிறுவனமும் சேர்ந்து 2019-இல் தொடங்கிய திட்டம் அது. ஸ்காட்லாந்தில் ஓரிடத்தில் நீர்மின் நிலையத்தையும், ஓரிடத்தில் மரக்கழிவு எரிக்கும் நிலையத்தையும், ஓரிடத்தில் பேட்டரியையும் நங்கூர மூலமாக, அதாவது தீவுக்குச் சுருதி பிடிக்கும் மூலமாக, வைத்து, உண்மையான கம்பிகளிலேயே சோதனை நடத்தினார்கள். விநியோக மட்டத்திலிருந்து மின்சாரம் மேல்நோக்கி ஏறி உயரழுத்தக் கட்டமைப்பைத் தொட முடியும் என்பது அங்கே நிரூபணமானது. நங்கூர மூலத்தையும் சுற்றியுள்ள மற்ற மூலங்களையும் பளுவையும் நொடிக்கு நொடி சமன்படுத்தத் தானியங்கிக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றையும் வடிவமைத்தார்கள். அதே காலத்தில் பிரிட்டன் ஒரு மீட்புத் தரவிதியையும் வகுத்தது. முழு மின்தடைக்குப் பின் ஒவ்வொரு வட்டாரத்திலும் 60 விழுக்காடு தேவையை 24 மணி நேரத்திலும், முழுத் தேவையையும் 5 நாளிலும் மீட்கும் திறன் 2026 டிசம்பர் 31-க்குள் இருக்க வேண்டும் என்பது அது. இலக்கு எண்ணாக எழுதப்பட்டதால்தான் சிறு மூலங்களுக்கும் அங்கே இடம் கிடைத்தது என்பது என் கருத்து. "கூடிய விரைவில்" என்று எழுதி வைத்திருந்தால் யாரும் புதிய வழியைத் தேடியிருக்க மாட்டார்கள்.

இனிச் சிக்கல்கள். மின்மாற்றியில் முதன்முதலாக மின்னழுத்தம் பாயும்போது, ஒரு கணம் அதன் இயல்பான மின்னோட்டத்தைப்போல் 6 முதல் 10 மடங்கு வரை இழுக்கும். பெரிய கிரிட்டுக்கு அது பொருட்டல்ல. ஆனால் இன்வெர்ட்டர் தன் திறனைவிடச் சிறிதளவே கூடுதலாக மின்னோட்டம் தரும், அதற்கு மேல் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். அதனால் மின்னழுத்தத்தைச் சுழியத்திலிருந்து மெல்ல மெல்ல உயர்த்தி, கம்பியையும் மின்மாற்றியையும் ஒன்றாக எழுப்பும் உத்தி தேவைப்படுகிறது. கிரிட்-ஃபார்மிங் பேட்டரி இதை அழகாகச் செய்யும், பழைய டீசல் மின்னாக்கி பெரும்பாலும் செய்யாது.

இன்வெர்ட்டரின் அதே குணம் பாதுகாப்பிலும் தொல்லை தருகிறது. ஃபீடரில், அதாவது துணை மின் நிலையத்திலிருந்து தெருக்களுக்குப் போகும் கம்பிவழியில், பழுது வந்தால் பாய வேண்டிய பெரும் மின்னோட்டத்தைக் கண்டுதான் ரிலேக்கள் எனப்படும் பாதுகாப்புக் கருவிகள் அதைத் துண்டிக்கின்றன. சுழலும் மின்னாக்கி அத்தகைய மின்னோட்டத்தைப் பல மடங்கு தரும், இன்வெர்ட்டரோ 1.2 மடங்கு அளவில் நின்றுவிடும். ரிலே பழுதை உணராது. அறுந்து விழுந்த கம்பி மின்சாரத்தோடு தரையில் கிடக்கும். மீட்பின்போது பாதுகாப்பு அமைவுகளை வேறொரு தொகுதிக்கு மாற்றிக்கொள்ளும் ரிலேக்களும், சிறு தீவுக்கென்று தனியான புவியிணைப்பும் இல்லாமல் எந்தப் பொறியாளரும் இதைத் தொடங்கக் கூடாது. மின்சாரம் சீக்கிரம் வர வேண்டும் என்ற ஆவலில் இந்த ஒன்றில் மட்டும் சமரசம் செய்துகொள்ளவே முடியாது.

அதைவிட நுட்பமானது, நான் நினைவில் வைக்கச் சொன்ன ஐந்து நிமிடம். ஒரு ஃபீடரில் உள்ள வீடுகள், கடைகளின் உண்மையான தேவை 5 மெகாவாட் என்றும், கூரைகளிலிருந்து 3 மெகாவாட் வருகிறது என்றும் வைத்துக்கொள்வோம். மின்தடைக்கு முன் துணை மின் நிலையத்தின் மீட்டர் 2 மெகாவாட் என்றே காட்டியிருக்கும். அதை நம்பி, சிறு தீவை நடத்தும் இயக்குநர் அந்த ஃபீடரை இணைக்கிறார். கூரை இன்வெர்ட்டர்கள் காத்திருக்கும் நேரத்தில் முழு 5 மெகாவாட்டும் அவர் மேல் விழுகிறது. மணிக்கணக்கில் நின்றிருந்த குளிர்சாதனப் பெட்டிகளும் நீரேற்றி மோட்டார்களும் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்குவதால் அது இன்னும் கூடும், சில இடங்களில் இரண்டு மடங்கையும் தொடும். அவர் எப்படியோ சமாளித்து நிலைப்படுத்திய பிறகு, ஐந்தாவது நிமிடத்தில் கூரைகள் அனைத்தும் ஒன்றாக எழுந்து 3 மெகாவாட்டைத் தள்ளுகின்றன. இம்முறை தேவை சட்டென்று சரிகிறது. 10 மெகாவாட் பேட்டரியும் ஒரு சிறு மின்னாக்கியும் மட்டுமே தாங்கும் தீவு, இந்த இரண்டு உதைகளில் ஏதாவதொன்றில் மீண்டும் விழலாம். ஆக, உதவ வேண்டிய சூரிய மின்சாரமே மீட்பின் முதல் மணி நேரத்தில் இடராக மாறுகிறது.

தீர்வு இல்லாமல் இல்லை. இன்வெர்ட்டர்கள் ஒன்றாக எழாமல் வெவ்வேறு நேரத்தில் எழும்படியும், எழும்போது சில நிமிடங்களில் படிப்படியாக ஏறும்படியும் அமைக்கலாம். மேலும், அதிர்வெண் உயர்ந்தால் உற்பத்தியைத் தானாகக் குறைக்கும் குணம் புதிய இன்வெர்ட்டர்களில் இருக்கிறது. சிறு தீவை நடத்தும் பேட்டரி அதிர்வெண்ணை வேண்டுமென்றே 50-க்குச் சற்று மேலே உயர்த்தி வைத்தால், எந்தத் தொலைத்தொடர்பும் இல்லாமலே கூரைகள் அனைத்தும் அடங்கும். தனித்து இயங்கும் சிறு கிரிட்டுகள் இந்த உத்தியை நெடுநாளாகவே பயன்படுத்தி வருகின்றன. தொலைத்தொடர்பை நம்பாமலிருப்பதன் அருமை மின்தடை நாளில்தான் தெரியும். கைப்பேசிக் கோபுரங்களின் பேட்டரிகள் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். நூற்றுக்கணக்கான சிறு மூலங்களை இணையம் வழியாக ஒருங்கிணைக்கும் திட்டம் எதுவானாலும், அந்த இணையம் எத்தனை மணி நேரம் தாங்கும் என்ற கேள்விக்கு முதலில் விடை சொல்ல வேண்டும்.

கிரிட்டை எழுப்புவது ஒரு பணி என்றால், கிரிட் எழும்வரை உயிர்நாடியான இடங்களைக் காப்பது இன்னொரு பணி. இரண்டாவது ஏற்கெனவே கண்கூடாக நடந்திருக்கிறது. 2011 மார்ச் 11 நிலநடுக்கத்துக்குப் பின் ஜப்பானின் செண்டாய் நகரில், தொஹோகு ஃபுகுஷி பல்கலைக்கழக வளாகத்தின் சிறு கிரிட், எரிவாயு எந்திரங்களையும் சூரிய மின்சாரத்தையும் பேட்டரியையும் கொண்டு மருத்துவமனைக்கும் முதியோர் இல்லத்துக்கும் மின்சாரம் தந்தது. நிலநடுக்கத்தில் உடையாத எரிவாயுக் குழாய் அதற்குக் கைகொடுத்தது. போர்ட்டோ ரிக்கோவில் 2017 செப்டம்பரில் மரியா புயல் கிரிட்டை முழுவதுமாக வீழ்த்தி, கடைசி வீடுவரை மின்சாரம் திரும்ப ஏறத்தாழ 11 மாதம் ஆனபோது, மலையூரான அட்ஜுன்தாஸில் காசா புவெப்லோ என்ற மக்கள் அமைப்பின் கூரைப் பேனல்கள் ஊர்மக்களின் மருத்துவக் கருவிகளுக்கு மின்சாரம் கொடுத்தன. அந்த அனுபவத்திலிருந்து, நகரின் நடுவே கடைகளை இணைக்கும் சிறு கிரிட் ஒன்று 2023-இல் அங்கே தொடங்கப்பட்டது. தேசியக் கிரிட்டின் மீட்பு எத்தனை மணி நேரமானாலும், மருத்துவமனையும் குடிநீர் நிலையமும் காத்திருக்கத் தேவையில்லை என்பதை இவை காட்டுகின்றன. எனக்குத் தேர்வு கொடுத்தால், பணத்தை முதலில் இங்கேதான் போடச் சொல்வேன்.

இலங்கையில் இதை எங்கே தொடங்குவது என்று கேட்டால், யாழ்ப்பாணக் குடாநாடு என்றே சொல்வேன். போர்க்காலத்தில் தேசியக் கட்டமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டு, சுன்னாகத்தின் எண்ணெய் மின்னாக்கிகளைக் கொண்டு நெடுங்காலம் தனித்தீவாக ஓடிய பகுதி அது. 2013-இல்தான் உயரழுத்தக் கம்பிவழி அது மீண்டும் நாட்டோடு இணைந்தது. இன்று சுன்னாகத்தில் மின்சார சபை நிறுவிய உத்துரு ஜனனி நிலையம் இருக்கிறது, பளையில் காற்றாலைகள் இருக்கின்றன, கூரைகளில் பேனல்கள் கூடி வருகின்றன. கம்பித்தொடரின் வடக்கு முனையில் இருப்பதால், மகாவலியிலிருந்து மேலிருந்து கீழாக வரும் மீட்பு அங்கே வந்துசேர நேரமாகும். சுழலும் மின்னாக்கி நங்கூரமாக நின்று, அதனருகே ஒரு கிரிட்-ஃபார்மிங் பேட்டரி அமைந்து, காற்றாலைகள் அளவோடு சேர்ந்துகொண்டால், குடாநாடு தானே எழுந்து தெற்கிலிருந்து வரும் மீட்போடு இணைந்துகொள்ளலாம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளுக்கும் சூரியனையும் காற்றையும் பேட்டரியையும் டீசலையும் சேர்த்து இயக்கும் கலப்பு மின் அமைப்புகளுக்கு, இந்திய நிதியுதவியோடு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது. சிறு தீவை நிலையாக நடத்தும் திறமையை இயக்குநர்கள் அங்கேயே பழகலாம், பின்னர் அதே திறமையைக் குடாநாட்டு அளவுக்கு விரிக்கலாம். ஆண்டுக்கொரு முறையாவது உண்மையான கம்பியில் ஒத்திகை நடத்த வேண்டும் என்பது இதில் விலக்க முடியாத நிபந்தனை. தெற்கு ஆஸ்திரேலியாவின் இரண்டு மூலங்களும் தாளில் சரியாகத்தான் இருந்தன.

கடைசியாக, உங்கள் வீட்டுக்கு. அடுத்த மின்தடையில் உங்கள் பேனல்கள் உங்களுக்கே பயன்பட வேண்டுமானால், பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டரும், மின்சாரம் போன நொடியில் வீட்டைத் தெருக்கம்பியிலிருந்து பிரித்துவிடும் மாற்று விசையும் வேண்டும். எல்லா அறைகளையும் அதில் இணைக்காமல், விளக்கு, விசிறி, குளிர்சாதனப் பெட்டி, இணைய மோடம் ஆகியவற்றுக்கு மட்டும் தனிச் சுற்று வைத்தால் சிறிய பேட்டரியே இரவைக் கடத்திவிடும். இன்வெர்ட்டர் வாங்கும்போது, அதிர்வெண்ணுக்கேற்ப உற்பத்தியைக் குறைக்கும் அமைவு இருக்கிறதா, அது இயக்கப்பட்டிருக்கிறதா என்று நிறுவுபவரிடம் கேளுங்கள். பல இடங்களில் கருவியில் அந்த வசதி இருந்தும், அதை இயக்காமலே விட்டுவிடுகிறார்கள். மாற்று விசை இல்லாமல் சிறு ஜெனரேட்டரைப் பிளக் வழியாக வீட்டுக் கம்பியில் செருகும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. அதைத் தயவுசெய்து ஒருபோதும் செய்யாதீர்கள். அந்த மின்சாரம் தெருவின் மின்மாற்றி வழியாகத் திரும்பி ஏறி ஆயிரக்கணக்கான வோல்ட்டாக மாறும், அந்நேரம் கம்பத்தில் இருப்பவர் உங்கள் ஊருக்கு மின்சாரத்தை மீட்க வந்தவராக இருப்பார்.